நாகர்கோவிலின் பழைய ஊர் எது? கோட்டாறா, வடசேரியா?

நாஞ்சில் பறவை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு குடும்பச் சண்டையிலிருந்து பிறந்த இழை இது.

போன மாதம் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். கூட வந்த சென்னை நண்பர், "உங்க ஊர்ல பழைய ஊர் எங்க இருக்கு? அதைக் காட்டு" என்றார். மதுரைக்காரனிடம் கேட்டால் மாசி வீதியில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பான். நான் மணிக்கூண்டு இருக்கும் மணிமேடையில் காரை ஓரம்கட்டச் சொல்லிவிட்டு யோசித்தேன். கோட்டாறு என்றேன். மச்சான் வடசேரி என்றான். காரை ஓட்டிக்கொண்டிருந்த மாமா, "ரெண்டும் இல்லலே, வடிவீஸ்வரம்" என்றார். அவருக்கு அங்கேதான் வீடு. வாக்குவாதம் முற்றி, கடைசியில் மூன்றையும் காட்டாமல் நேரே கன்னியாகுமரிக்குப் போய் சூரியன் மறைவதைக் காட்டிவிட்டு வந்தோம். அன்றைக்கு மேகம் வேறு.

அடுத்த தடவை அவர் குடும்பத்தோடு வருகிறார். எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்? பழைய ஊர் என்று சொல்ல இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

வடசேரி மைந்தன்

இதில் கேள்வியே இல்லை. வடசேரிதான். தட்டார் தெரு, நெசவுத் தெரு, கனகமூலம் சந்தை, கிருஷ்ணன்கோவில், எல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். கோட்டாற்றில் லாரியைத் தவிர என்ன இருக்கிறது?

கம்போளத்தான்

வடசேரிக்காரர் லாரி என்று சொன்னதால் எழுதுகிறேன். லாரி எதற்கு வருகிறது என்று யோசித்தாரா? சரக்கு இருக்கிறது, வருகிறது.

எங்கள் கடை கோட்டாற்றுக் கம்போளத்தில், அதாவது மொத்த வியாபாரக் கடைத்தெருவில், மூன்று தலைமுறை. பறவை தம்பி, நண்பரைக் காலை ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்து மணிக்கு வந்தால் வெறும் டிராபிக்கைத்தான் பார்ப்பார். ஆறு மணிக்கு நிரைப்பலகை, கதவுக்குப் பதிலாக வரிசையாக நிறுத்துகிற பலகைகள், எடுக்கிற நேரம். ஷட்டர் போடாத கடைகள் இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அதில் எங்களுடையதும் ஒன்று. பலகைகளின் உள்பக்கம் ஒன்று முதல் பதினொன்று வரை எண் வெட்டியிருக்கும். வரிசை மாறினால் ஒன்றோடொன்று சேராது. ஏழாம் நம்பர் பலகை ஐப்பசி மழையில் ஊதிக்கொள்ளும். அதைக் கழற்றக் கீழே ஓர் உதை, மேலே கைமுட்டியால் ஒரு தட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் விழவேண்டும். எனக்கு அது பிடிபட இரண்டு வருஷம் ஆனது. என் மகனுக்கு இன்னும் வரவில்லை.

பலகை எடுத்ததும் முதலில் வெளியே வருவது வாசனைதான். நல்லமிளகு, சுக்கு, புளி, கருப்பட்டி, வத்தல் எல்லாம் ராத்திரி முழுக்க அடைந்து கிடந்த வாசனை. மிளகு மூட்டை வராத நாளிலும் மிளகு மணக்கும். உத்திரத்திலேயே ஏறிவிட்டது.

தாத்தாவின் பேரேடு ஒன்று வைத்திருக்கிறேன். கொல்லம் 1122ஆம் ஆண்டு, அதாவது 1946-47. சரக்கின் பெயர் தமிழில், தேதி கொல்லம் கணக்கில், தொகை சக்கரம் என்கிற பழைய நாணயத்தில். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரன் ரூபாய், இந்தப் பக்கம் திருவிதாங்கூர் காசு. நடுவில் சவுக்கை, சுங்கச்சாவடி. இரண்டு கணக்கையும் மனசிலே போட்டவன்தான் கோட்டாற்று வியாபாரி. வேறு எந்தப் பழைய ஊரைக் காட்டப் போகிறீர்கள்?

குழித்துறை பயல்

நாங்க மேற்கேயிருந்து பஸ் ஏறினால் "நாரோயிலுக்குப் போறேன்" என்றுதான் சொல்லுவோம். கோட்டாறு, வடசேரி என்று நீங்கள் அடித்துக்கொள்வதெல்லாம் எங்களுக்கு ஒரே நாரோயில்தான் அண்ணாச்சி. ஒரு ரசவடை சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன்னே திரும்பிவிடுவோம்.

பழையாறு

குழித்துறைத் தம்பி விளையாட்டாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சான்றுகளில் தேடினால் பெரிய ஊராகக் கிடைப்பது கோட்டாறுதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த கொட்டியாரா இந்தக் கோட்டாறுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. முதல் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி தெற்கே வென்ற இடங்களைச் சொல்லும்போது கோட்டாற்றைச் சொல்கிறது. இங்கே நிலைப்படையும் இருந்தது. சோழர் காலத்தில் மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். ஜனங்கள் மாற்றவில்லை! ஒழுகினசேரியில் பழையாற்றை ஒட்டி நிற்கும் சோழராஜா கோயில் அந்தக் காலத்து மிச்சம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

ஏன் கோட்டாறு? நிலத்தைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழியில் ஒரு வாய் திறக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வண்டி வர அதுதான் வழி. அங்கிருந்து வருகிற பாதை, திருவனந்தபுரத்துப் பாதை, குமரிமுனைப் பாதை மூன்றும் ஆற்றங்கரையில் சந்திக்கிற இடம் கோட்டாறு. வயல் நாஞ்சில் நாட்டில், மிளகும் சுக்கும் மலையில், கருப்பட்டியும் உப்பும் கரையோரத்தில். எல்லாம் இறங்கி ஏற ஓர் இடம் வேண்டுமே.

நாகராஜா கோயில் கதை வேறு. தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு விரித்த பார்சுவநாதரையும் பத்மாவதியையும் பார்த்தால் சமணம் எங்கே நின்றது, நாகர் வழிபாடு எங்கே தொடங்கியது என்று பிரிக்கமுடியாது. 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலும் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணர்கள் பெயரில் கல்வெட்டு இருக்கிறது. தெற்கு வாசல் மகாமேரு மாளிகை முழுக்கக் கேரளப் பாணி. உள்ளே நாகராஜாவின் கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். கொடியேறித் தேர் ஓடுவது அங்கே இருக்கும் அனந்தகிருஷ்ணனுக்கு. இந்தக் கோயிலின் பெயர்தான் பிறகு முழு ஊருக்கும் ஆனது.

டதி பழைய மாணவி

பழையாறு அண்ணா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். ஆவணி ஞாயிற்றுக்கிழமை நாகராஜா கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? எங்கள் சபைக்காரர்கள் போகமாட்டோம். ஆனால் என் கூடப் படித்த வடிவீஸ்வரத்துப் பிள்ளை திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது கையெல்லாம் மஞ்சளாக இருக்கும். பிரசாதம் என்று பொட்டலத்தில் மண் கொண்டுவருவாள். ஈரமான மண். ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெள்ளை என்பாள். நான் அதைச் சாமான்பெட்டிக்குள் வைத்திருந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் மிஷன். கோட்டாறு, வடசேரி என்று பேசுகிறவர்கள் நடுவே இருப்பதை விட்டுவிடுகிறீர்கள். மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய லண்டன் மிஷன் வேலையை 1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம், திருவிதாங்கூரின் முதல் அச்சகம், கஸ்பா சபை எல்லாம் இந்த இடைப்பட்ட நிலத்தில் வந்தவை. மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைக் கூட்டி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் இங்கேதான். மேலாடை உடுத்தும் உரிமை கேட்டுத் தோள்சீலைக்குப் போராடின காலத்தில் கையில் காசு வரும் ஒரு தொழில் பெண்களுக்கு என்னவாக இருந்திருக்கும், யோசியுங்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி கல்லூரியானது 1893. மணிமேடை திறந்ததும் 1893. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா வந்ததன் நினைவாகக் கட்டினது, கடிகாரத்தைக் கொடுத்தவர் டதி பாதிரியார். ராஜா பெயரில் கோபுரம், பாதிரியார் தந்த கடிகாரம். இதைவிட நாகர்கோவிலைச் சொல்ல என்ன வேண்டும்?

நாஞ்சில் பறவை

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. நாகர்கோவில் என்பது இரண்டு பழைய ஊர்களுக்கு நடுவே இருந்த இடைவெளி. தெற்கே கோட்டாறு, வடக்கே வடசேரி, நடுவில் ஒரு கோயிலும் வயலும் குளமும். அந்த நடுவில் மிஷன் வளாகம், கோர்ட்டு, மணிமேடை, மீனாட்சிபுரம் கடைகள் என்று ஒவ்வொன்றாக வந்து நிரம்பி, இடைவெளியின் பெயரே முழு ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. 1920இல் நகராட்சி ஆனபோதும் 2019இல் மாநகராட்சி ஆனபோதும் அந்தப் பெயர்தான்.

இப்போதும் பாருங்கள். நாகர்கோவில் ஜங்ஷன் என்று ரயில் நிற்கிறது, இறங்கினால் கோட்டாறு. நாகர்கோவில் என்று வெளியூர் பஸ் போடுகிறான், இறங்கினால் வடசேரி கிறிஸ்டோபர் ஸ்டாண்டு. நாகர்கோவிலில் இறங்குகிறவன் எவனும் நாகர்கோவிலில் இறங்குவதில்லை.

வடசேரி மைந்தன்

அட, இது நல்லா இருக்கே. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்கள்தான் அதிகம் என்பதையும் பதிவு செய்கிறேன் :)

கம்போளத்தான்

ரயில் 1979இல்தான் வந்தது. அதற்கு முன்னேயே நாங்கள் இருக்கிறோம் ஓய்.

இடலாக்குடிக்காரி

எல்லாரும் கோட்டாறு கோட்டாறு என்கிறீர்கள், அதை ஒட்டி ஒரு எட்டில் இருக்கும் எங்களைச் சொல்ல ஆளில்லை. சவேரியார் கோயிலைத் தாண்டிக் கன்னியாகுமரி சாலையில் கொஞ்சம் நடந்தால் இடலாக்குடி. இந்தப் பக்கம் இளங்கடை. கோட்டாற்றின் சரக்குக்கு எவ்வளவு வயசோ எங்கள் தெருக்களுக்கும் அவ்வளவு வயசு.

சதாவதானி செய்குதம்பிப் பாவலர் பிறந்தது எங்கள் ஊரில், 1874. ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்து விடை சொல்கிற சதாவதானத்தை 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்து காட்டினவர். பக்கத்தில் மணி அடிப்பதை எண்ணவேண்டும், முதுகில் விழுகிற நெல்லை எண்ணவேண்டும், நடுவில் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், அதையும் முடிக்கவேண்டும். சீறாப்புராணத்துக்கு உரை எழுதினவரும் அவர்தான், கம்பராமாயணம் சொன்னவரும் அவர்தான். வள்ளலார் பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று சைவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டபோது, அருட்பாதான் என்று நிரூபிக்கப் போய் நின்றவர் இடலாக்குடி முஸ்லிம். இப்போது இதைச் சொன்னால் பிள்ளைகள் கதை என்று நினைக்கிறார்கள்.

இதை நல்லிணக்கம், அது இது என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் அலுத்துவிட்டது. ஒரே தெருவில் கடை வைத்திருந்தார்கள், ஒருவனுடைய மொழி இன்னொருவனுக்குத் தெரிந்திருந்தது. கடன் சொல்லி வாங்கினால் பேசித்தானே ஆகவேண்டும்? சண்டையே வந்ததில்லை என்றும் நான் சொல்லவில்லை. மண்டைக்காட்டில் 1982இல் நடந்த மதக் கலவரத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. கடலோரத்தில் நடந்தது, ஆனால் இங்கேயும் கடைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பழையாறு

அம்மா சொன்னது சரி. பழைய ஊரைப் பற்றிப் பேசினால் எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகில் முக்கிவிடுகிறோம்.

சவேரியார் கோயிலையும் அப்படித்தான். டிசம்பர் 3 திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, தேர், கூட்டம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோயிலுக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, அரண்மனை வேலைக்காரர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு வாங்கித் தேவசகாயம் ஆனார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் கொண்டுவந்து அடக்கியது கோட்டாற்றில். 2022இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். சரக்கு வந்த அதே ஆரல்வாய்மொழிப் பாதையில்தான் அந்த உடலும் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனை, வரலாறு இல்லை.

புதுக்குடித்தனம்

நான் இங்கே மாற்றலாகி வந்து நான்கு வருஷம். வெளியாள் பார்வையில் ஒன்று சொல்லலாமா? கோட்டாற்றுக் கம்போளத்தில் காரை எடுத்துக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கவேண்டியிருக்கிறது. ஒரு தடவை ஆம்புலன்ஸ் இருபது நிமிஷம் நின்றதைப் பார்த்தேன். மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டு, பழைய கடைகளைச் சுத்தம் செய்து, கல் பாவி, விளக்குப் போட்டு, நடக்கிற தெருவாக ஆக்கினால் என்ன? புதுச்சேரியில் செய்யவில்லையா?

கம்போளத்தான்

ஆம்புலன்ஸ் நின்றது தப்புதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பகலில் பெரிய லாரி வரக்கூடாது என்று கறாராகச் சொன்னாலே பாதி தீரும். சொல்வார்கள், ஒரு மாதம் நடக்கும், பிறகு பழைய கதை.

ஆனால் மீதிக்கு என் பதில், வேண்டாம் சார். சரக்கு போய்விட்டால் கம்போளத்தில் என்ன இருக்கும்? ஓட்டுக் கூரையும் பலகையும். அதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? எங்கள் கடைக்கு நாலாவது கடை இரண்டு வருஷத்துக்கு முன் கைமாறியது. வாங்கினவர் முதலில் பழமையைக் காப்பாற்றுவேன் என்றார். முகப்பை அப்படியே வைத்து உள்ளே இடித்துக் கண்ணாடி போட்டார். இப்போது செல்போன் கவர் விற்கிறது. வாசலில் பழைய தேக்குத் தூண் இரண்டு நிற்கிறது, அதில் சுமடு இறக்குகிறவர்கள் முதுகு சாய்த்து உட்கார முடியாதபடி சங்கிலி கட்டியிருக்கிறார்கள். தூணுக்கு வழவழப்பு வந்ததே அந்த முதுகுகளால்தான்.

வடசேரி மைந்தன்

இந்த ஒரு விஷயத்தில் நான் கோட்டாற்றுப் பக்கம். எங்கள் தெருவிலும் இதே கதைதான். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். நாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து கேட்கிறார்கள். ஆனால் பட்டறையில் உட்கார ஆள் குறைகிறது.

எங்கள் பெரியப்பா வேலை செய்வதைச் சின்ன வயசில் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெள்ளியில் சின்னச் சின்னக் கூடு கட்டுவார். அரக்கை உருக்கி அதில் நிரப்புவார். சிவப்புக் கல்லை நாக்கில் தொட்ட மாதிரி ஈரம் காட்டி எடுத்து வைப்பார். கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, மெல்லிய தகட்டை, அழுத்தும்போது மூச்சு விடமாட்டார். விட்டால் ரேக்கு பறந்துவிடும். மின்விசிறி போடக்கூடாது. சித்திரை வெயிலில் அந்த அறையில் ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் வாசலில் கத்தினால் ஏச்சு விழும். அவருடைய இரண்டு மகன்களும் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

குழித்துறை பயல்

மின்விசிறி போடாத வீட்டுப் பிள்ளைகள் ஏசி மெக்கானிக்கா. நல்ல கணக்கு.

புதுக்குடித்தனம்

கம்போளத்தான் சார், தூண் விஷயம் எனக்குத் தெரியாது. கல் பாவுவதை வாபஸ் வாங்குகிறேன். லாரி நேரத்தை மட்டும் விடமாட்டேன்.

டதி பழைய மாணவி

ஒருவர் வாபஸ் வாங்கி இன்றைக்குத்தான் பார்க்கிறேன், இந்த இழையைப் பத்திரப்படுத்தவேண்டும்.

வடிவீஸ்வரத்தை யாருமே பேசவில்லை, பறவையின் மாமா கோபித்துக்கொள்வார். அழகம்மன் கோயில் தெருக்களில் சாயங்காலம் நடந்தால் இன்னும் கொஞ்சம் அமைதி மிச்சமிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடு, நீளமாக உள்ளே போகும். பாதி பூட்டிக் கிடக்கிறது. கோலம் போட்ட வாசலுக்கும் போடாத வாசலுக்கும் கணக்கு எடுத்தாலே எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நாஞ்சில் பறவை

மாமாவிடம் சொன்னேன். "இப்பமாவது கேட்டானுவளே" என்றார்.

சரி, நான் போட்ட வழி இது. காலை ஆறுக்குக் கம்போளம், நிரைப்பலகை எடுக்கிறதைப் பார்ப்பது. அப்படியே சவேரியார் கோயில். பிறகு இடலாக்குடியில் பாவலர் மணிமண்டபம். திரும்பி வந்து இட்லி. வெயில் ஏறுமுன் வடிவீஸ்வரம், நாகராஜா கோயில் தூண்கள். ஒழுகினசேரி சோழராஜா கோயிலைத் தொட்டுக்கொண்டு வடசேரி, அங்கே மைந்தன் வீட்டுப் பெரியப்பா சம்மதித்தால் பட்டறை. கடைசியில் கனகமூலம் சந்தையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி அங்கேயே பஸ் ஏற்றிவிடுவேன். மணிமேடையைக் காரிலிருந்து காட்டினால் போதும். தெற்கிலிருந்து வடக்கே, சண்டை இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

கம்போளத்தான்

தம்பி, ஞாயிறு கடை கிடையாது. திங்கட்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் ஏழாம் பலகைக்கு ஒரு கை வேண்டும், நண்பரைக் கொஞ்சம் உதைக்கப் பழகிவிட்டு வரச்சொல்லுங்கள்.